நடுத்தரச் செலவில் செஸ்டர்

அன்று சமையலறையில் இருந்தவர்கள்: அப்பா மால்கம், அம்மா நோரீன், பக்கத்து வீட்டு கிளென்டா, மீன் தொழிற்சாலையில் ராத்திரி வேலை முடித்து வந்து ரொட்டியில் பீன்ஸ் கொட்டித் தின்றுகொண்டிருந்த நான். செஸ்டரில் இருக்கும் அக்கா லோர்னா ஃபோனில் வரப்போகிறாள்.

லோர்னா கிரிம்ஸ்பியை விட்டுப் போய் ஆறு வருஷம். அவள் கட்டிக்கொண்டவனை அப்பா வாசலிலேயே நிற்கவைத்துப் பேசி அனுப்பினார். அதற்குப் பிறகு அவளுக்கு ஒரு பெண் பிறந்தது, மேபல். அம்மா அந்தக் குழந்தையைப் படத்தில் மட்டும்தான் பார்த்திருக்கிறாள். போன மாதம் அன்னையர் தினத்தன்று லோர்னாவே ஃபோன் செய்தாள். "வந்துட்டுப் போங்களேன். இங்கயே தங்கிக்கலாம்" என்றாள். ஃபோனை வைத்த பிறகு அம்மா ஒரு மணி நேரம் துடைத்த அடுப்பையே துடைத்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் ஆட்கள் வீட்டுக்கு வரச் சொல்லும் முதல் அழைப்பை ஏற்கமாட்டார்கள். அது மரியாதைக்குச் சொல்வது. இரண்டாவது தடவை சொன்னால் யோசிக்கலாம். மூன்றாவது தடவையும் சொன்னால்தான் பெட்டியைத் தூக்கலாம். லோர்னா ஒரு தடவைதான் சொல்லியிருந்தாள். அதனால் அப்பா விடுதி தேடினார்.

"மலிவா எங்கயாச்சும் தங்கினா, கையேந்த வந்திருக்கோம்னு நினைப்பா" என்றார். "ஊர் நடுவுல மணிக்கூண்டுக்குப் பக்கத்துல இருக்கிற பெரிய ஓட்டல்ல தங்கினா, திமிருன்னு நினைப்பா. நடுத்தரமா இருக்கணும்."

"எந்த நடுத்தரம், மால்கம்? உன் நடுத்தரமா, ஊர் நடுத்தரமா?" என்றாள் கிளென்டா. அவள் ஒரு காலத்தில் புருஷனோடு செஸ்டர் போய் வந்தவள். அந்த ஒரு பயணத்தை வைத்தே இருபது வருஷம் பேசிவிட்டாள். "ஊரைச் சுத்தி இருக்கிற பழைய கோட்டை மதில் மேல நடக்கக் காசு கிடையாது. அதோட நிறுத்திக்கோ. கீழ இறங்கினா டீக்கே உன் பென்ஷன் போயிடும்."

"டீயை ஃபிளாஸ்க்ல கொண்டு போறோம்."

"கொண்டு போ. அப்படியே படுக்கையையும் கட்டித் தூக்கிக்கோ."

அம்மா சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்து ரொம்ப நாள் ஆகியிருந்தது.

அப்பா பழைய தபால் உறையின் முதுகில் எழுதிக்கொண்டே வந்தார். காலைச் சாப்பாட்டோடு அறை, இரண்டு ராத்திரிக்கு நூற்றித் தொண்ணூறு பவுண்ட். ரயில் டிக்கெட்டை டான்காஸ்டர் வரை ஒன்று, மான்செஸ்டர் வரை ஒன்று, அங்கிருந்து ஒன்று என்று துண்டு போட்டு வாங்கினால் முப்பது பவுண்ட் மிச்சம். மத்தியானம் சூப்பர்மார்க்கெட் சாண்ட்விச். ஒரே ஒரு ராத்திரி எல்லோருமாக வெளியே உட்கார்ந்து சாப்பாடு, அப்பா செலவில். மேபலுக்குப் பரிசு, இருபது.

"இருபது போதுமா?" என்றாள் அம்மா.

"அதிகமா குடுத்தா விலைக்கு வாங்கப் பாக்குறோம்னு அவ நினைப்பா."

அந்த மனுஷனுக்கு மகள் என்ன நினைப்பாள் என்பதைத் தவிர வேறு கவலையே இல்லை. ஆறு வருஷம் முன்னால் அந்தக் கவலை ஒரு நிமிஷம் வந்திருந்தால் எந்தச் செலவும் இருந்திருக்காது.

"முதல்ல லோர்னாகிட்ட பேசிட்டு அறையைப் போடலாமே" என்றேன்.

"எல்லாம் முடிச்சுட்டுத்தான்டா சொல்லணும். அப்பதான் அவளுக்குச் சங்கடம் இருக்காது" என்றார். என் ஃபோனை வாங்கி அங்கேயே பணத்தைக் கட்டி அறையைப் பிடித்தார்.

பிறகு அம்மா லோர்னாவை அழைத்தாள். எல்லோரும் கேட்க ஃபோனை மேசை நடுவில் வைத்தாள்.

"அடுத்த மாசம் வர்றோம்மா, மூணாவது சனிக்கிழமை."

"நிஜமாவா? அப்பாவுமா?" லோர்னாவின் குரல் சின்னப் பெண் குரல் மாதிரி எகிறியது. பின்னால் குழந்தை கத்தியது: "பாட்டி என் கட்டில்ல படுத்துக்கட்டும்! நான் தரையில படுத்துக்குறேன்!"

அம்மா வாயைத் திறந்தாள். அப்பா உறையை அவள் பக்கம் தள்ளி, அறை என்று எழுதிய இடத்தில் விரலால் தட்டினார்.

"இல்லடா செல்லம், நாங்க விடுதியில ரூம் போட்டுட்டோம்" என்றாள் அம்மா. "உங்கம்மாவுக்கு ஒரு தொந்தரவும் வேண்டாம்னு."



"போட்டுட்டீங்களா" என்றாள் லோர்னா. "சரி. நல்லது. எல்லாம் ஏற்பாடு பண்ணிட்டீங்க போல."

"உனக்குச் சிரமம் வேண்டாம்னுதான்..."

"புரியுதும்மா. என் வீட்டுல தங்க உங்களால முடியாது. அப்பாவுக்கு இன்னும் அப்படித்தான். பரவாயில்ல." குரல் இப்போது வங்கியில் பேசுகிறவள் குரல். "அந்த வாரம் எனக்கும் வேலை இருக்கு. ஊருக்குள்ள எங்கயாச்சும் ஒரு காபி குடிக்கலாம். அரை மணி நேரம் வர முடியும்."

"மேபல்?"

"அவளுக்கு அன்னைக்கு நீச்சல் வகுப்பு."

ஒரு வார்த்தை போதும். விடுதி வேண்டாம், உன் தரையில் படுத்துக்கொள்கிறோம் என்று சொன்னால் போதும். அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா தலையை நிமிர்த்தவில்லை.

"சிரமப்படாதே கண்ணு. இன்னொரு தடவை பாத்துக்கலாம்" என்றாள் அம்மா. அவளுக்கு வேறு பாஷை தெரியாது.

"சரிம்மா."

ஃபோன் அணைந்தது. கிளென்டா எழுந்து, தன் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் பின்வாசல் வழியாகப் போனாள்.

அப்பா உறையைத் தன் பக்கம் இழுத்தார். ராத்திரிச் சாப்பாடு என்று எழுதியிருந்ததைக் கோடு போட்டு அடித்தார். "காபிக்குப் பன்னெண்டு போடலாமா? கேக்கும் சேர்த்து?"

அம்மா கோட்டை மாட்டிக்கொண்டாள்.

"எங்க போற?"

"அவ தங்கச் சொன்னா, மால்கம். நிஜமாத்தான் சொன்னா."

"அது உனக்கு எப்படித் தெரியும்?"

அம்மா கதவை அகலத் திறந்தாள். முன்வாசல் வழியாக மழையில் இறங்கினாள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பேருந்து நிறுத்தத்தையும் தாண்டி நடந்தாள், திரும்பிப் பார்க்கவே இல்லை. அவள் சாவி ஆணியிலேயே தொங்கியது.

"குளிர் உள்ள வருது" என்றார் அப்பா. எழுந்து போனார். கதவைச் சாத்தி, பூட்டினார்.