பணி எண் என்ற இடத்தில்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை எழுதவேண்டும் என்று நான் ஆசைப்பட்டு உட்காரவில்லை. பண்ருட்டியில் ஷீல்டு கடை வைத்திருக்கும் அல்லா பிச்சை பாய் போனில் ஒரு கேள்வி கேட்டார். நான் சொன்ன பதில் வம்பில் போய் முடிந்தது. அந்த வம்புக்குத்தான் இத்தனை பக்கம்.

என்னைப் பற்றி ரெண்டு வரி போதும். நெய்வேலி டவுன்ஷிப்பில் முப்பத்தாறு வருஷம் கிளார்க்காக இருந்தேன். எனக்கு எழுத வரும் என்று எவனோ கிளப்பிவிட்டதில், ரிட்டையர் ஆகிறவர்களுக்கெல்லாம் பாராட்டு மடல் எழுதி எழுதியே என் தமிழ் தேய்ந்துபோனது. "கடமை தவறாத செம்மல்" என்று நான் எழுதிக்கொடுத்தவர்களில் பாதிப் பேர் ஷிப்டில் தூங்கினவர்கள். யாரைச் சொல்லி என்ன?

மாசக் கடைசி நாளில் இங்கே எந்த பிளாக்கில் நின்றாலும் அந்தக் காட்சியைப் பார்க்கலாம். கழுத்தில் மாலையும் கையில் ஷீல்டுமாக ஒருவர் வருவார். கூட வேலை பார்த்தவர்கள் குவார்ட்டர்ஸ் வாசல்வரை கொண்டுவந்து விட்டு, கேசரி தின்று காபி குடித்துவிட்டுப் போவார்கள். அதெல்லாம் பர்மனென்ட் ஆட்களுக்கு. கான்ட்ராக்ட் ஆளுக்கு அறுபது முடிந்தால் கேட்டில் பாஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு சைக்கிளை எடுக்க வேண்டியதுதான். (இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தேவைப்படும்.)

2

முதலில் இப்படி ஆரம்பித்தேன்:

"நாற்பத்தோரு விருதுகள் பெற்ற குணச்சித்திர நடிகர் தெய்வசிகாமணி, பிறந்த மண்ணில் கால் பதித்தபோது

நிறுத்திவிட்டேன். அவர் பிறந்த மண்ணைத் தோண்டி நிலக்கரி எடுத்து எத்தனையோ வருஷம் ஆயிற்று. காலை எங்கே பதிப்பார் பாவம்!

இரண்டாவது ஆரம்பம்: "பக்கத்துக் கிராமம் வடக்குத்தில் தம்பி கொளஞ்சியப்பன் டிரங்குப் பெட்டியைத் திறந்து

இதுவும் வேண்டாம். பெட்டிக்குள் இருப்பதை முதல் வரியிலேயே காட்டிவிட்டால் அப்புறம் எனக்கு என்ன வேலை?

மூன்றாவது ஆரம்பம், காரிலிருந்து. 2015, ஆகஸ்ட் 23, ஞாயிற்றுக்கிழமை. சென்னையிலிருந்து காரில் வருகிறார் தெய்வசிகாமணி. வயசு அறுபத்து நாலு. டவுன்ஷிப்பில் எங்கள் கலை மன்றத்தில் அவருக்கு வாழ்நாள் சாதனையாளர் விருது. அவருக்கோ முதுகு வலி. இன்னொரு பொன்னாடை, இன்னொரு ஷீல்டு, போட்டோவுக்கு இன்னொரு சிரிப்பு. எப்போது முடியும், எப்போது படுக்கலாம் என்றிருக்கிறது அவருக்கு.

(அவர் மனசில் ஓடினது உனக்கு எப்படி ஐயா தெரியும் என்கிறீர்களா? தெரியாதுதான். ஆனால் அவருடைய விருதுப் பட்டியல் முழுவதையும் என் கையால் பிரதி எடுத்திருக்கிறேன். அலுப்பு என்னவென்று எனக்கும் தெரியும்.)

பட்டியலில் மாநில விருது ஒன்று. அது நிஜமாகவே நல்ல நடிப்புக்குக் கிடைத்தது. நானே அந்தப் படத்தில் அழுதிருக்கிறேன். அதன் பிறகு கேபிள் டிவிக்காரர்கள் கொடுத்தது, நகைக்கடை திறப்பு விழாவில் கொடுத்தது, கௌரவ டாக்டர் பட்டம் ஒன்று. பட்டம் தந்த பல்கலைக்கழகம் எந்த ஊரில் இருக்கிறது என்று அவருக்கே தெரியாது. இன்னொரு ஷீல்டில் அவர் பெயர் 'தெய்வநாயகம்'. கேட்டதற்கு, "அடுத்த வருஷம் சரியாப் போட்டுத் தர்றோம் சார்" என்றார்களாம். எல்லாம் ஹாலில் கண்ணாடி அலமாரியில் இருக்கின்றன. தூசி தட்ட ஒரு நாள் பிடிக்கும் என்று வேலைக்காரம்மா முனகுவாராம்.*

* நூற்றுப் பதினேழு படங்களில் செத்திருக்கிறார். இதை அவருக்கான பாராட்டு மடலில் எழுதினேன். மன்றச் செயலாளர் அடித்துவிட்டார்.

3

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். இஷ்டமில்லாமல்தான் போகிறேன்.

1975. சுரங்கத்துக்கு நிலம் போனபோது அவர்கள் வீட்டுக்கு ஒரு வேலை என்று கார்டு வந்தது. மூத்தவன் என்பதால் தெய்வசிகாமணி பெயரில் வந்தது. கார்டில் ஒரு எண்: 4417. அவருக்கு அப்போது இருபத்து நாலு வயசு. கோடம்பாக்கத்தில் வாய்ப்புத் தேடி அலைந்துகொண்டிருந்தார். தம்பி கொளஞ்சியப்பனுக்கு இருபது. தம்பி மூன்று தபால் கார்டு போட்டார். மூன்றிலும் இதே சங்கதி:

"அண்ணா, உனக்கு வேலை வேணான்னா என் பேருக்கு மாத்திக் குடுத்துடு. 4417ன்னு போட்டு ஒரு கையெழுத்து, நேர்ல வந்து போடணுமாம். 28ந் தேதிக்குள்ள வா."

அண்ணனுக்கு அந்த வாரம்தான் முதல் வாய்ப்பு. பிணமாகப் பாடையில் படுக்க வேண்டும். மூன்று நாள் ஷூட்டிங். பிணத்தின் முகம் படத்தில் தெரியும். நடுவில் பிணத்தை மாற்ற முடியாது என்றார்கள். "அடுத்த வாரம் வரேன்" என்று பதில் எழுதிப்போட்டுவிட்டுப் படுத்துக்கொண்டார். அடுத்த வாரம் வந்தார்தான். தேதியும் வேலையும் போய்விட்டிருந்தன.

தம்பி ஒரு வார்த்தை திட்டவில்லை. மறுநாளே கான்ட்ராக்டில் சுரங்கத்துக்கு வேலைக்குப் போனார். நாற்பது வருஷமாகப் போய்க்கொண்டிருக்கிறார். இந்த ஆகஸ்ட் முப்பத்தொன்றாம் தேதியோடு அவருக்கு அறுபது. திட்டியிருந்தால் அண்ணன் அந்தக் கார்டை இத்தனை வருஷம் மனசில் தூக்கிச் சுமந்திருக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

4

இப்போது என் தப்புக்கு வருகிறேன்.

விழாவுக்கு நாலு நாள் முன்னால் மடலை ஆறாவது தடவையாகத் திருத்திக்கொண்டிருந்தேன். பாய் போன் பண்ணினார்.

"சார், ஷீல்டுக்கு உங்க டவுன்ஷிப் ரிட்டையர்மென்ட் ஃபார்மட்டையே போட்டுட்டேன். பேரு, பணி எண், பணிக்காலம். பணிக்காலம் நாப்பது ஆண்டுகள். பணி எண் என்னாங்க சார்?"

"அவரு நடிகர் பாய். அவருக்கு ஏது பணி எண்?"

"காலியா வுட்டா நல்லாருக்காது சார். இத்தினி வருஷமா பண்ணிக்கினு இருக்கேன், நம்பர் இல்லாம ஒரு ஷீல்டும் போனதில்ல."

'அந்த வரியையே எடுத்துடுங்க பாய்.' நாலு வார்த்தை. சொல்லியிருக்கலாம். எனக்கு இருந்த எரிச்சலில், "வடக்குத்துல அவரு தம்பி இருக்காரு, அவரைக் கேட்டுக்கோங்க" என்று நம்பரைக் கொடுத்துவிட்டுப் போனை வைத்தேன். மூன்றாம் பகுதியில் சொன்ன கதை எதுவும் எனக்கு அப்போது தெரியாது. சத்தியம்.

பாய் கேட்டாராம். கொளஞ்சியப்பன் "இருங்க, எடுத்துக்கினு வரேன்" என்று போய், டிரங்குப் பெட்டியிலிருந்து பழைய கார்டை எடுத்துப் பார்த்து ஒவ்வொரு எண்ணாகச் சொன்னாராம். நாலு, நாலு, ஒண்ணு, ஏழு.

ஏன் சொன்னார்? அண்ணனைக் குத்திக்காட்டவா? இந்தப் பாத்திரம் எனக்குப் பிடிபடவே இல்லை. பழிவாங்குகிறவராக எழுதிப் பார்த்தேன், ஒட்டவில்லை. தியாகியாக எழுதினேன், என் பாராட்டு மடல் வாடை அடித்தது. கடைசியில், விழா முடிந்தபிறகு நேரிலேயே போய்க் கேட்டேன்.

"கேட்டாங்க, சொன்னேன். நாப்பது வருஷத்துல அந்த நம்பரை யாரும் என்னைக் கேட்டதில்லீங்க" என்றார்.

5

மேடை. என் மடலை வாசித்தார்கள். செம்மல் இரண்டு தடவை வந்தது. பொன்னாடை போர்த்தினார்கள். ஷீல்டைக் கையில் கொடுத்தார்கள். தெய்வசிகாமணி வழக்கம்போல காமிராவுக்குச் சிரித்துவிட்டு, வழக்கத்துக்கு மாறாக மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். பெயரை எங்கேயாவது தப்பாகப் போட்டிருப்பான்கள் என்ற பழைய பயமாக இருக்கும்.

பெயர்: தெய்வசிகாமணி.
பணி எண்: 4417.
பணிக்காலம்: நாற்பது ஆண்டுகள்.

அந்த எண்ணை அவர் மறந்த நாளே இல்லை. மூன்று தபால் கார்டிலும் தம்பி கோடு போட்டு எழுதின எண். கூட்டத்தில் தேடினார். கதவோரம், ஷிப்டு முடிந்து வந்த பூட்ஸோடு, உட்காராமல் நின்றுகொண்டிருந்தார் கொளஞ்சியப்பன்.

மைக்கைப் பிடித்து அண்ணன் சொன்னது இவ்வளவுதான்: "நம்பர் சரியாத்தான் இருக்கு. பேருதான் மாறிப்போச்சு."

சபை சிரித்தது. செயலாளர் பதறி ஓடிவந்து, "மன்னிக்கணும் ஐயா, எழுத்துப்பிழையைச் சரிபண்ணிக் குடுத்துடறோம்" என்று ஷீல்டை வாங்கி என்னிடம் நீட்டினார். தெய்வசிகாமணி இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் பிள்ளைகள் நடனத்துக்குப் பாட்டைப் போட்டுவிட்டார்கள். கீழே இறங்கி வந்து பார்த்தபோது கதவோரத்தில் ஆள் இல்லை. நான் ஷீல்டைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து படுத்துவிட்டேன்.

6

முடிவுகள்.

அ) மேடையிலிருந்து ஓடிவந்து தம்பியைக் கட்டிப்பிடித்து ஷீல்டைக் கொடுக்கிறார். இதை அவரே ஏழெட்டுப் படத்தில் நடித்துவிட்டார். படித்தால் சிரிப்பார்.

ஆ) கொளஞ்சியப்பன் ஷீல்டை வாங்கி சுரங்கத்தில் வீசுகிறார். கீழே கிடக்கிற போல்ட் நட்டைக்கூட எடுத்து ஓரமாக வைக்கிற மனுஷன் அவர். எழுத எனக்கே கூசுகிறது.

இ) அண்ணனும் தம்பியும் வடக்குத்து டீக்கடையில் எதிரெதிரே

இல்லை. முடியவில்லை.

7

நடந்ததை மட்டும் சொல்கிறேன். நேற்று தெய்வசிகாமணிக்குப் போன் பண்ணினேன். "திங்கக்கிழமை உங்க தம்பிக்குக் கடைசி ஷிப்டு சார். ஷீல்டு என்கிட்டதான் இருக்கு" என்றேன்.

"அவன் பேரைப் போட்டு வையுங்க. நானே வந்து என் கையால குடுக்கறேன்." பிறகு குரல் இறங்கியது. "திங்கக்கிழமையா? மூணு நாள் ஷூட்டிங் ஒத்துக்கினு இருக்கேன் சார். டைரக்டரைக் கேட்டுப் பார்க்கறேன். முடியலன்னா அடுத்த வாரம்..." சட்டென்று நிறுத்திக்கொண்டார். தான் சொன்னது அவர் காதிலேயே விழுந்துவிட்டது.

கேட்டிருக்கக் கூடாது. கேட்டேன். "என்ன வேஷம் சார்?"

"பாடைதான்" என்றார்.

கொளஞ்சியப்பனின் மனைவி தனத்திடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன். "மூத்தாரு வந்தாக்க கேசரி கிண்டறேங்க. வரலன்னாலும் கிண்டத்தான் போறேன். அவருக்கும் ஒரு நாளு வாணாமா?" என்றார்.

இன்று சனிக்கிழமை, 29. பாய் பழைய பெயரை உரித்துவிட்டு கொளஞ்சியப்பன் பெயரை ஒட்டிக் கொடுத்துவிட்டார். எண்ணையும் காலத்தையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. மடல் எதுவும் வேண்டாம் என்று தனம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எனக்கும் நிம்மதி.

திங்கட்கிழமை ரெண்டு மணிக்கு முதல் ஷிப்டு முடியும். ஒரு மாலையும் ஷீல்டுமாக நான் கேட்டில் போய் நிற்பேன். அண்ணனுடைய கார் வருமா? இந்த முடிவை நான் எழுதினால் வரவைத்துவிடுவேன். ஷிப்டில் தூங்கினவனையெல்லாம் செம்மல் ஆக்கின கை இது, இதை நம்பாதீர்கள். அதனால் பேனாவை இங்கேயே மூடுகிறேன்.

நீங்களும் ரெண்டு மணிக்கு வந்து நில்லுங்கள். ஷீல்டு கனம்தான், கொஞ்ச நேரம் நீங்கள் பிடித்துக்கொண்டால் நல்லது. உள்ளேயிருந்து அவர் பாஸைக் கொடுத்துவிட்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருவார். அதுவரைக்கும் சென்னை ரோட்டைப் பார்த்துக்கொண்டிருங்கள்.