இருநூற்றுப் பதினாலாம் பில்

பாடையைத் தூக்கக் குனிந்தவர்களிடம் அமுதவல்லி சொன்னாள்: "தூக்காதீங்க."

காளியப்பனின் தம்பி ஐயாக்கண்ணு நிமிர்ந்தான். "அண்ணி, மழ புடிச்சுக்கும். தலைச்சோலைக்காரங்க பஸ்ஸுக்குப் போவணும்."

"இரு சாமி. ரைட்டர்கிட்ட ஒண்ணு கேக்கணும்."

எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் கோவிந்தராஜ் மாலையைப் போட்டுவிட்டு, லேப்டாப் பையோடு ஒதுங்கி நின்றிருந்தார். ஞாயிறன்று மிளகு மூட்டை ஏற்றும்போது லாரிப் பலகை வழுக்கித்தான் அவள் புருசன் காளியப்பன் விழுந்து செத்தான். அன்றைக்கு லோடே போகவில்லை, அவனாக வந்து ஏறி விழுந்தான் என்று எஸ்டேட்டில் போலீசுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் உடலைக் கொடுக்கச் செவ்வாய்க்கிழமை ஆகிவிட்டது.

"ஞாயித்துக்கிழம லோடு போச்சுங்களா, இல்லீங்களா?"

"போகலம்மா." அவர் லேப்டாப்பையே திறந்து காட்டினார். "பாரு. சனிக்கிழம இருநூத்திப் பதிமூணு. திங்கக்கிழம பதினாலு. நம்பர் நான் போடறதில்ல, ஷீட்டு தானா போட்டுக்குது. நடுவுல பில்லு இருந்தா திங்கக்கிழம பதினஞ்சால்ல இருக்கணும்?"

அமுதவல்லி எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். எண்ணில் தடுமாற மாட்டாள். மூட்டை வாயைத் தைத்து பில் எண்ணை மையால் எழுதுவது எட்டு வருசமாக அவள் வேலை. ஞாயிறன்று நாற்பது மூட்டையில் எழுதியது 214.

டவுன் லாட்ஜில் பில் போடுகிற மகள் சரண்யா வந்து திரையை எட்டிப் பார்த்தாள்.

"வரிய எண்ணித்தாம்மா இது நம்பர் போடுது. ஒண்ண அழிச்சுட்டா, அடுத்து வர்றது அதே நம்பரோட அந்த எடத்துல உக்காந்துக்கும்."

"அப்ப நான் எழுதுன நாப்பது மூட்ட சேலத்துக் குடோன்ல பதினாலுன்னு கெடக்குதுங்களே. திங்கக்கிழம மூட்டையிலயும் பதினாலு. ஒரு நம்பருக்கு ரெண்டு லோடுங்களா? போயி எண்ணிப் பாக்கலாமா?"

ரைட்டர் குரலைத் தாழ்த்தினார். "மொதலாளி சொன்னதும்மா. எடுக்கற நேரத்துல எதுக்கு..."

"எங்கூட்டுக்காரருக்கு என்னங்க நேரம். அவரு இருப்பாரு."

பக்கத்து லைன் வீட்டுப் பொன்னாயி ஈரத் தரையிலேயே உட்கார்ந்தாள். "உக்காருங்கடா. பஸ்ஸு நாளைக்கும் வரும்." தூக்க வந்தவர்களும் உட்கார்ந்தார்கள். ஒருவன் பீடி பற்றவைத்தான்.

நின்றுகொண்டிருந்தது ரைட்டர் மட்டும்தான். சற்றுக் கழித்து அவரும் உட்கார்ந்து, லேப்டாப்பை மடியில் வைத்து ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு வரியை நுழைத்தார். திங்கட்கிழமை கீழே இறங்கிப் பதினைந்தானது.

"ஏத்துனவங்க பேருக்குக் கட்டம் இருக்குதுங்களே," என்றாள் அமுதவல்லி.

அடித்தார். ஒவ்வொரு எழுத்தாக அவள் கூட்டிப் படித்தாள். பிறகு தலையசைத்தாள்.

"இப்பிடியே ஸ்டேஷனுக்கு மெயில் போடுங்க சார், எனக்கும் சேத்து," என்றாள் சரண்யா.

"இங்க சிக்னல் இல்ல கண்ணு."

"மேட்டு மேல கெடைக்கும். வாங்க, நானும் வர்றேன்."

தூறல் விழத் தொடங்கியது. அமுதவல்லி குடையை விரித்து காளியப்பனின் முகத்துக்கு மேல் சரித்துப் பிடித்தாள். காப்பிச் செடிகளுக்கு அப்பால், மேட்டில், ரைட்டர் லேப்டாப்பை இடுக்கிக்கொண்டு, போனைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நின்றார். இன்னும் கொஞ்சம் மேலே ஏறச் சொல்லி சரண்யா கை காட்டிக்கொண்டிருந்தாள்.