அருள்நாயகி அக்கா தந்த திரி

என் கணவர் நவரட்ணம் நல்ல மனிதர். ஆனால் ஒரு செய்தி பாதிதான் காதில் விழுந்தாலும் மீதியைத் தானே சமைத்து ஊருக்குப் பரிமாறிவிடுவார். நாங்கள் கைலாயம் போகிறோம் என்ற கதை கனடாவில் எங்கள் ஸ்காபரோ முழுக்கப் பரவியது அப்படித்தான்.

மகள் கௌசி டவுன்டவுனில் ஒரு பயண நிறுவனத்தில் வேலை செய்கிறாள். அவர்களுடைய இமயமலைச் சுற்றுலாவில் இருந்து ஒரு சோடி கடைசி நேரத்தில் விலகிக்கொள்ள, அந்த இரண்டு இடங்களும் வேலையாட்களின் குடும்பத்துக்கு மலிவாக வந்தன. இது 1999ஆம் ஆண்டு. எங்களுக்குக் கலியாணமாகி இருபத்தைந்து வருடம். கௌசி வழுவழுப்பான சிறு புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தாள். அட்டையில் பனிமலை. அதன் கீழே கோயில்கள், திருவிழா, மலைநடை, ஆற்றுப் படகு என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தார்கள். இவர் மலையைப் பார்த்தார். கோயில் என்ற சொல்லைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார். அதற்கு மேல் வாசிக்க அவருக்கு என்ன இருக்கிறது?

அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலில் பஞ்சாமிர்தத்துக்கு வரிசையில் நிற்கும்போதே தொடங்கிவிட்டார். "நானும் மலரும் கைலாயம் போறம்." ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. ஞாயிறு காலைக்குள் எங்கள் தொலைபேசி சூடாகிவிட்டது. ஒருத்திக்கு மானசரோவர்த் தண்ணீர் வேண்டும். இன்னொருவருக்கு மகளின் கலியாணத்துக்கு அங்கே ஒரு தேங்காய் உடைக்க வேண்டும்.

கௌசிதான் புத்தகத்தை உள்ளே திறந்து காட்டினாள். "அப்பா, கைலாஸ் இஸ் இன் திபெத். இது பூட்டான். அங்க இருக்கிறது எல்லாம் புடிஸ்ற் ரெம்பிள்ஸ்."

இவர் புத்தகத்தை மூடி அப்பால் தள்ளினார். எனக்கு விளங்கியது. எண்பத்து மூன்று கலவரத்தில் கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் வீட்டைச் சிங்களக் காடையர் எரித்தார்கள். எங்களை ஒளித்து வைத்துக் காப்பாற்றியதும் ஒரு சிங்களக் குடும்பம்தான். அவர்களுக்கு ஒவ்வொரு புதுவருடத்துக்கும் இன்றைக்கும் இவர் தவறாமல் அட்டை அனுப்புகிறார். ஆனாலும் அந்த வருடத்துக்குப் பிறகு புத்த விகாரை இருக்கும் பக்கம் இவர் முகம் திரும்பியதில்லை. மகள் ஆசையாகச் செய்ததென்று போகச் சம்மதித்தார்.

"தவளை தன் வாயால கெடும். நீங்களே எல்லாருக்கும் எடுத்துச் சொல்லுங்கோ" என்றேன்.

சொன்னார். ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சொன்னார். பிறம்ரனில் இவருடன் வேர்ஹவுசில் வேலை செய்யும் அல்பேட் அண்ணைதான் எல்லாரையும்விடக் கூடச் சிரித்தவர். "நவம், கைலாயத்துக்குப் போன ஆக்கள் திரும்பி வாறேல்லை எண்டுதான் நான் கேள்விப்பட்டது. பூட்டான் நல்லம், போட்டு வா" என்றாராம்.

மிச்சமாக இருந்தது அருள்நாயகி அக்கா ஒருவர்தான்.

அக்கா ரூஜ் பகுதியில் எங்கள் தெருவிலேயே மகள் வீட்டில் இருக்கிறார். போன வருடம்தான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தார். அவருடைய கடைசி மகன் வாகீசனைத் தொண்ணூற்றாறில், சைக்கிளில் வேலைக்குப் போகும்போது, சோதனைச் சாவடியில் ஆமிக்காரர் இறக்கிக் கொண்டுபோனார்கள். பிறகு ஒரு தகவலும் இல்லை. திவசம் செய்துவிடு என்று சிலர் சொல்கிறார்கள். அக்கா கேட்பதில்லை. ஒவ்வொரு வெள்ளியும் மகனின் பெயரும் நட்சத்திரமும் சொல்லி அர்ச்சனை செய்விப்பார். அர்ச்சனை உயிரோடு இருப்பவர்களுக்குச் செய்வது. பக்கத்தில் நிற்கும் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். எனக்கு அந்தப் பார்வையைக் கண்டால் பற்றிக்கொண்டு வரும்.

தொலைபேசியில் சொல்வது சரியில்லை என்று இவர் நேரே போனார். திரும்பி வந்து ஜக்கெற்றைக்கூடக் கழற்றாமல் கதிரையில் இருந்தார். கையில் கடதாசியில் சுற்றிய ஒரு பஞ்சுத் திரி.

"நான் வாய் துறக்க முந்தியே அவ இதைக் கையில தந்திட்டா. தானே திரிச்சதாம். சிவன்ர வாசலில ஒரு விளக்கேத்தி அவன்ர பேரைச் சொன்னாக் காணுமாம். அதுக்குப் பிறகு நான் என்னெண்டு மலர் சொல்லுறது?"

"வந்த பிறகு என்னெண்டு சொல்லப் போறியள்?" என்று கத்தினேன். பிறகு, இந்த மனுஷனை நம்பிப் பயனில்லை என்று நானே போனேன். கதவைத் திறந்த அக்கா சிரித்த சிரிப்பைப் பார்த்ததும் தேத்தண்ணி குடித்துவிட்டு ஊர்க்கதை பேசிவிட்டுத் திரும்பி வந்தேன். வீட்டில் இவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நல்ல பதில் வாங்கியிருப்பார்.

திரி என் கைப்பையில் ஏறியது. பாங்கொக் வழியாகப் பூட்டான் போய்ச் சேர்ந்தோம்.

ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பயணத்தில் நான் இவரை மறுபடி கலியாணம் கட்டியது போல இருந்தது. திருவிழாவில் லாமாக்கள் பெரிய முகமூடிகளோடு முற்றத்தில் சுழன்று ஆடினார்கள். இவர் கையைக் கட்டிக்கொண்டு ஓர் ஓரத்தில் விறைப்பாக நின்றார். சிவப்பு முகமூடிக் கோமாளி ஒருவன் வந்து இவருடைய தொப்பியைப் பிடுங்கித் தன் தலையில் போட்டுக்கொண்டு இவரைப் போலவே கையைக் கட்டி நின்றான். சனமெல்லாம் சிரித்தது, இவரும் சிரித்துவிட்டார். "எங்கட சூரன்போர் மாதிரித்தான் கிடக்கு" என்று என் காதில் சொன்னார்.

மலை ஏறும்போது வேர்ஹவுஸ் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வந்தார். பெட்டி தூக்கிய காலுக்கு மலை ஒரு பொருட்டா என்பது அவருடைய நியாயம். இரண்டாவது வளைவிலேயே மூச்சு வாங்கியது. அதன் பிறகு வளைவுக்கு வளைவு நின்று, "மலர், இஞ்ச நிண்டு பாரும், என்ன வடிவு" என்பார். அவர் மூச்சு ஆறும்வரை நானும் பாவம் என்று வடிவு பார்த்தேன்.

ஆற்றுப் படகு நாளில் வாய் இன்னும் நீண்டது. தான் காரைநகர்க் கடலில் நீந்தி வளர்ந்தவராம், இந்த ஆறு எந்த மூலைக்காம். காற்றடித்த ரப்பர்ப் படகு முதல் சுழிப்பில் தலை குத்தியதும் துடுப்பை விட்டுவிட்டு "முருகா" என்று என்னை இறுகக் கட்டிப்பிடித்துக்கொண்டார். கலியாணமாகிய நாளிலிருந்து நாலு பேர் முன்னால் என் விரலைக்கூடத் தொடாத மனிதர். கரையேறியும் கொஞ்ச நேரம் கையை விடவில்லை. அந்த ஆற்றுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

ஆனால் கோயில் என்று வந்தால் மட்டும் இவர் வாசலோடு நின்றார். மற்றவர்கள் உள்ளே போவார்கள். இவர் சப்பாத்துகளுக்குக் காவல். திரி அப்படியே கைப்பையில் கிடந்தது. ஒவ்வொரு இரவும் அதை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தேன். கடைசி நாளும் வந்தது. பாரோவில் ஒரு பழைய கோயில். எங்கள் வழிகாட்டி டோர்ஜி என்ற இளைஞன் எல்லோரையும் உள்ளே கூட்டிக்கொண்டு போனான்.

"இண்டைக்கு விட்டா இனி இல்லை" என்றேன்.

இவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அந்தப் பிள்ளையைப் பிடிச்ச ஆமிச் சென்றிக்குப் பக்கத்திலயும் இந்தப் புத்தரைத்தானே மலர் வைச்சிருந்தவங்கள். இவருக்கு முன்னால போய் நான் என்னத்தைச் சொல்ல?"

திரியை எடுத்துக்கொண்டு உள்ளே நடந்தேன். கதவடியில் திரும்பிப் பார்த்தேன். இவர் குனிந்து சப்பாத்து நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்தார். ஒரு கால்மேசில் பெருவிரல் தெரியும் ஓட்டை. அந்த ஓட்டை மேசோடு என் பின்னால் வந்தார்.

உள்ளே வெண்ணெய் மணம். பித்தளைக் கிண்ணங்களில் விளக்குகள் வரிசையாக எரிந்தன. டோர்ஜி எங்கள் திரியைப் பற்றி அங்கிருந்த பிக்குவிடம் சொன்னான். பிக்கு ஏதோ கேட்டார். "உயிரோடு இருப்பவருக்கா, இறந்தவருக்கா என்று கேட்கிறார்" என்றான் டோர்ஜி.

நானும் இவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். தெரியாது என்று சொன்னேன். டோர்ஜி அதைச் சொன்னதும் பிக்கு என் முகத்தைப் பார்த்துப் பேசினார். இரண்டுக்கும் ஒரே விளக்குத்தானாம்.

அவர்களுடைய விளக்கில் திரி நிமிர்ந்து நிற்கும். எங்கள் திரி படுத்துக்கொண்டது. பிக்கு ஒரு மூங்கில் ஈர்க்கை எடுத்து அதில் அதைப் பொறுமையாகச் சுற்றி வெண்ணெய் நடுவில் நிறுத்தி, இவர் கையில் நெருப்பைக் கொடுத்தார். இவர் ஏற்றினார். பிறகு நிமிர்ந்து புத்தரைப் பார்த்தார். ஐயரிடம் அர்ச்சனைத் தட்டைக் கொடுக்கும்போது சொல்வது போலவே தமிழில் சொன்னார்.

"பேர் வாகீசன். பூரட்டாதி நட்சத்திரம்."

கொஞ்சம் நின்று, "தாய் பாவம்" என்றும் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது. இந்த மனிதரை எனக்குக் கட்டிவைத்த என் பெற்றோரை நினைத்துக் கும்பிட்டேன்.

திரும்பும்போது விமானத்தில் இவருக்கு மறுபடி பயம் வந்தது. "ஒரு சிவன் கோயில் எண்டு சொல்லிவிடுவம் மலர். அவவின்ர மனம் ஏன் நோவான்."

"வருவான் வருவான் எண்டு அவவுக்குப் பொய் சொன்ன ஆக்கள் இவ்வளவு பேரும் காணும்" என்றேன். "நாங்களும் சேர வேண்டாம்."

வந்த மறுநாளே போனோம். அக்கா எங்களைக் கூடத்தில் இருத்திவிட்டு, சுகம்கூடக் கேட்காமல், "ஏத்தினீங்களோ தம்பி?" என்றார்.

இவர் என்னைப் பார்த்தார். நான் உதவிக்குப் போகவில்லை.

"ஏத்தினனான் அக்கா. ஆனா கைலாயம் இல்லை. நான்தான் பிழையா விளங்கி ஊரெல்லாம் சொல்லிப்போட்டன். நாங்கள் போனது பூட்டான். அங்க சிவன் கோயிலுக்குப் போகேல்லை. ஏத்தினது..." நிறுத்தி என்னை மறுபடி பார்த்தார். "புத்தருக்கு முன்னால. குறை நினையாதேங்கோ அக்கா."

அக்கா சேலைத் தலைப்பை மடியில் போட்டு நீவிக்கொண்டிருந்தார். எழும்பிப் போகச் சொல்லப் போகிறார் என்றே நான் நினைத்தேன்.

"அவற்ற முகத்தைப் பாத்தோ சொன்னனீங்கள்?" என்று கேட்டார்.

"ஓம் அக்கா. முகத்தைப் பாத்துத்தான்."

"பேர் வடிவாச் சொன்னனீங்களோ?"

"ஓம். நட்சத்திரமும் சொன்னனான்."

அக்கா மெல்லத் தலையாட்டினார்.

"நல்லம் தம்பி. நான் மூண்டு வருசமாச் சிவனைப் போட்டு அரிச்சுக்கொண்டிருந்திட்டன். அவர் என்ன செய்வார், பாவம். பிள்ளையைக் கொண்டு போனது அவற்ற ஆக்கள் இல்லையே. பிழையான கந்தோரில எல்லோ மனுக் குடுத்துக்கொண்டு நிண்டிருக்கிறன்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "கேக்க வேண்டிய ஆளிட்ட இப்பத்தான் கேட்டிருக்கு. அவரும் ஒரு பொடியனைப் பெத்தவர்தானே. இனி அவர் மறுமொழி சொல்லட்டும்."

சொல்லிவிட்டு எங்களுக்குத் தேத்தண்ணி வைக்க எழும்பிப் போனார்.