மழைக்குப் பின்னால்

சவப்பெட்டியின் மூடியை ஆளுக்கொரு பக்கம் தூக்கிவிட்டார்கள். "சித்தப்பா, தம்பி வரட்டும்" என்று எப்சி குறுக்கே போய் நின்றாள்.

"எங்கன வாரான்?" என்றார் ஜெபகனி.

"ஆலங்குளம் தாண்டிட்டான். வண்ணார்பேட்ட நெரிசலையும் சேத்தா முக்கால் மணி நேரம்."

"நாலு மணின்னு சர்ச்சு ஐயருட்ட சொல்லியாச்சு. கிழக்க பாரு, வல்லநாட்டுப் பக்கம் கருகருன்னு கெடக்கு. மழை விழுந்தா கல்லறைத் தோட்டமே குளமாயிரும். எங்க அண்ணனத் தண்ணிக்குள்ளயா ஏட்டி எறக்கச் சொல்லுத?"

அவர் சொன்னதில் தப்பே இல்லை. அதுதான் கஷ்டம். நேற்று விடியற்காலை தூக்கத்திலேயே போய்ச்சேர்ந்த அவள் அப்பா தேவசிகாமணி வாத்தியார் யாருக்கும் தொந்தரவு வைக்காத மனுஷர். ஆனால் அவர் முகத்தைப் பார்க்காவிட்டால், கொச்சியிலிருந்து ஓடிவருகிற தம்பி ஹெப்ரானுக்கு ஆயுசுக்கும் மனசு ஆறாது.

"நீதான கப்பக்காரங்களுக்கு மழை செய்யுதவ. இது எப்ப வந்து எப்ப நிக்கும்னு சொல்லு பாப்போம்" என்றார் சித்தப்பா.

எப்சியின் பிழைப்பு அதுதான். கடலுக்கே போகாமல் கப்பற்படைப் பிள்ளைகள் ரேடார் பழகுவதற்கு, திரையில் அலையையும் மழையையும் நிஜம் போலவே உண்டாக்கிக் கொடுப்பது. 'எம் மக வீட்டுக்குள்ள உக்காந்தே மழை பெய்ய வைப்பா, காயப்போட்ட துணிய மட்டும் எடுக்க மாட்டா' என்று அப்பா ஊரெல்லாம் கேலி பேசுவார்.

போனில் வானிலை ரேடார் படத்தைத் திறந்தாள். வல்லநாட்டின் மேல் சிவப்பாய் ஒரு பட்டை. அதற்குப் பின்னால் கடல்வரைக்கும் சுத்த வெறுமை. புதுப்பிள்ளைகள் எல்லாரும் ஏமாறுகிற இடம் அது. கனமழை ரேடாரின் பார்வையைத் தின்றுவிடும். அதற்கு அப்பால் எவ்வளவு கொட்டினாலும் திரையில் தெரியாது. அந்த வெறுமையைப் பயிற்சித் திரையில் அச்சு அசலாகக் கொண்டுவர எட்டு மாதம் மண்டையை உடைத்தவள் அவள்.

போனைச் சித்தப்பாவிடம் நீட்டினாள். "பாருங்க, இந்த ஒரு பட்டைதான். இப்பக் கெளம்புனா நடுவழியில மாட்டுவோம். அரை மணியில கடந்துரும், பொறவு வானம் வெறிச்சிரும்."

குரல் நடுங்கவில்லை. அதுவே அவளுக்குப் பயமாக இருந்தது.

"படிச்ச பிள்ள சொல்லுதா. இருப்போம்" என்று சித்தப்பா மூடியைச் சுவரில் சாய்த்தார்.

மழை வந்தது. ஹெப்ரானும் வந்தான். அப்பாவின் கன்னத்தோடு கன்னம் வைத்து, எப்பா எப்பா என்று அழுது தீர்த்தான். பார்த்துக்கொண்டிருந்த எப்சிக்கு அப்பாடா என்றிருந்தது. மழை மட்டும் விடவில்லை.

ஐந்தரை மணிக்குக் கல்லறைத் தோட்டத்துக் குழியில் முழங்கால் தண்ணீர். பெட்டியைப் பலகை மேல் வைத்துவிட்டு எல்லாரும் நனைந்துகொண்டு நின்றார்கள்.

"வெறிச்சிரும்னியே ஏட்டி?" சித்தப்பாவிடம் கோபம்கூட இல்லை, அழுகைதான்.

"வண்டில வரும்போது நானும் அந்தப் படத்தப் பாத்தேன் சித்தப்பா" என்றான் ஹெப்ரான். "யாரா இருந்தாலும் அப்படித்தான் சொல்லிருப்பாவ."

கொச்சிக் கப்பற்படைப் பள்ளியில் அவள் செய்த மழையைத் திரையில் ஓடவிட்டு, அந்த வெறுமையை மட்டும் நம்பாதீர்கள் என்று வருஷம் நூறு பேருக்குப் பாடம் நடத்துகிறவன் அவன்.

அக்காவின் பக்கம் திரும்பாமலே செருப்பைக் கழற்றினான். வாளியோடு குழிக்குள் இறங்கி, மொண்டு மேலே நீட்டினான். எப்சி முந்தானையைச் செருகிக்கொண்டு அதை வாங்கினாள்.