முன்னால் ஒருத்தி, பின்னால் ஒருத்தி

என் வீட்டுக்காரர் தையல்காரர். ஊருக்கே அளவெடுத்துத் தைக்கிற மனிதர், பெற்ற பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள மட்டும் லாயக்கில்லை என்று எங்கம்மா ஒரே பிடியாக நின்றாள்.

"ரெட்டைப் புள்ளைங்களை அவரை நம்பி விட்டுட்டு நீ பஸ் ஓட்டப் போறியா? ஒரு மத்தியானம் தாங்குவாரா பாரு."

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. உள்ளுக்குள் எனக்கும் அதே பயம் என்பதுதான் காரணம். பிரசவ விடுப்பு முடிந்துவிட்டது. "வர்றியா, இல்ல வேற ஆளைப் போடட்டுமா?" என்று டிப்போவில் கேட்டாயிற்று. அந்த ஸ்டீயரிங்கைப் பிடிக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஆனாலும் வாய் சும்மா இருக்கிறதா? ஒரு மத்தியானம் விட்டுப் பார்ப்போம், திரும்பி வரும்போது பிள்ளைகள் அழுதுகொண்டிருந்தால் வேலையை விட்டுவிடுகிறேன் என்று சொல்லித் தொலைத்தேன்.

அவர் அலட்டிக்கொள்ளவே இல்லை. "நீ கிளம்பு. ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரு தூளி தைச்சு உடம்புல மாட்டிக்கிறேன். கையும் சும்மா இருக்கும், வேலையும் நடக்கும்."

அம்மா வீட்டில் போய் உட்கார்ந்தேன். இருப்புக் கொள்ளவில்லை. வெயில் தாழ்ந்ததும் அவளையும் இழுத்துக்கொண்டு வந்தேன். வாசலில் காதைத் தீட்டினேன். சத்தமே இல்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடினேன்.

முன்னறைதான் அவர் கடை. மார்பில் பெரியவள், முதுகில் சின்னவள், இரண்டும் வாயைப் பிளந்து தூங்க, மனிதர் ஒரு வக்கீலுக்குக் கோட்டுப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தோள்ல பிடிக்குதே," என்று வக்கீல் கிசுகிசுத்தார்.

"பிடிக்கட்டும் சார். மெதுவாப் பேசுங்க."

அம்மா இரண்டு பிள்ளைகளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

வக்கீல் தலை மறைந்ததும் இவர் காலை மாற்றி மாற்றி நின்றார். "சீக்கிரம் கழட்டி விடு. ரொம்ப நேரமா அடக்கிட்டு நிக்கிறேன்."

முடிச்சைத் தேடினேன். முடிச்சே இல்லை. "எங்கங்க அவிழ்க்கிறது?"

அசடு வழிந்தார். "பொருத்தம் சரியா வரணும்னு போட்டுக்கிட்டே தைச்சேன். சட்டையும் சேர்ந்து தையல்ல மாட்டிக்கிச்சு. கட்டில்ல உக்காந்து எப்படியோ சின்னவளை முதுகுல ஏத்திட்டேன். எறக்கத்தான் கை எட்டல. வக்கீல்கிட்ட சொல்ல வெக்கமா இருந்துச்சு."

"ஊருக்கெல்லாம் தைச்சுக் கடைசில உங்களையே தைச்சுக்கிட்டீங்களா மாப்பிள்ளை?" அம்மாவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

சின்னவளை அம்மா தாங்கிப் பிடிக்க, நான் சட்டையைக் கத்தரித்தேன். நல்ல சட்டை அது. கையில் வாங்கியதும் இரண்டும் விழித்துக்கொண்டு வீட்டையே இரண்டாக்கின. அவர் கழிவறைக்கு ஓடினார். நாங்கள் ஆட்டினோம், தட்டினோம், கொஞ்சினோம். தலைகீழாக நின்றும் நடக்கவில்லை. பனியனோடு திரும்பி வந்தவர் இரண்டு பேரையும் வாங்கி இரண்டு தோளிலும் போட்டார். அழுகை நின்றுவிட்டது.

"போ, போய் உன் பஸ்ஸை ஓட்டு," என்றாள் அம்மா.

ஜெயித்தது நான்தான். சந்தோஷம்தான். ஆனால் பெற்றவள் கையில் அடங்காத அழுகை அவர் தோளில் அடங்கியதைப் பார்த்ததும் எனக்குப் பொறாமையாக இருந்தது.

"என் அளவுக்கும் ஒண்ணு தைங்க," என்றேன். "டூட்டி முடிஞ்சு வந்ததும் நான் போட்டுக்கிறேன்."

"சரி. இந்தத் தடவை சட்டையை விட்டுட்டுத் தைக்கிறேன்."

"வேண்டாம். சட்டையோட சேர்த்தே தைங்க."