மாட்டாத போர்டு

ஐஸ் பெட்டியின் ஒரு முனையைப் பிடித்துத் தெருவுக்கு இழுத்துக்கொண்டிருந்தான் பக்தவச்சலம். பெட்டிக்குள் அவன் அண்ணன் சுப்பராயன், தாடையில் கட்டோடு.

"வெயில்ல இன்னாத்துக்குடா? வூட்டுக்குள்ளயே கெடக்கட்டும்" என்றாள் அண்ணி மலர்க்கொடி.

"வாணாம் அண்ணி, சொன்னா கேளு. யாரும் உள்ள குந்தாதீங்க. பந்தல்ல குந்துங்க."

அண்ணன்மேல் என்ன பாசம் என்றது திருவொற்றியூர்த் தெரு. பாசமாம். மண்ணாங்கட்டி.

கன்டெய்னர்களுக்குப் பூச்சிமருந்து வைக்கிற கம்பெனியில் அவன் ஹெல்பர். லைசென்ஸ் இருப்பது ஆபரேட்டர் இன்னாசிக்குத்தான். வீட்டு மூட்டைப்பூச்சிக்கு அந்த விஷவாயு மாத்திரையைக் கேட்டபோது இன்னாசி எகிறினார். "வூட்ல வெக்க பர்மிட் வோணும். பக்கத்து வூட்டையும் காலி பண்ணணும், கதவுல மண்டையோட்டு போர்டு மாட்டணும். வெளையாட்டா?"

போர்டா! வீட்டில் மூட்டைப்பூச்சி என்று தெருவே சிரிக்காதா? நேற்று சாயங்காலம் கம்பெனியில் திருடிய மாத்திரையைத் தன் வீட்டில் வைத்து, கன்டெய்னருக்கு ஒட்டுவதுபோல ஜன்னல் இடுக்கெல்லாம் டேப் ஒட்டி, பெண்டாட்டியோடு எண்ணூர் மாமியார் வீட்டுக்குப் போய்விட்டான். அண்ணனிடம்கூட மூச்சு விடவில்லை.

கன்டெய்னரின் கூரை அதற்கே சொந்தம். இங்கே அவன் வீட்டுக்கும் அண்ணன் வீட்டுக்கும் ஒரே ஆஸ்பெஸ்டாஸ் கூரை, நடுச்சுவர் அதைத் தொடாது. இந்தப் பக்கம் தாளித்தால் அந்தப் பக்கம் அண்ணன் தும்முவார். "இன்னாடா, கருவாடா?" என்று சுவருக்கு மேலாகக் கேட்பார். அந்த இடைவெளியைப் போய் மறந்தானே, பாவி.

அண்ணி நேற்று கொருக்குப்பேட்டையில் தங்கச்சி வீட்டில் தங்கிவிட்டாள். காலையில் அவள் வந்தபோது அண்ணன் வாந்தி எடுத்து, கதவுவரை தவழ்ந்து வந்து கிடந்தார். தெருமுனை டாக்டர் மாரடைப்பு என்று சொல்லிவிட்டார். எரித்துவிட்டால் யாருக்கும் தெரியாது. அப்படி நினைத்ததற்கே செத்துவிடலாம் போலிருந்தது அவனுக்கு.

வியாசர்பாடியிலிருந்து பெண்கள் வந்து இறங்கினார்கள்.

"பக்தா, ஒன் வூட்டத் தொற. பொம்பளைங்க குந்தட்டும். சாவு அன்னிக்கித் தம்பி வூடு பூட்டிக் கெடந்தா நல்லாவா கீது?"

"சாவி எண்ணூர்ல கீது அண்ணி." சாவி சட்டைப் பையில் கனத்தது.

"இதுக்கு இன்னா பேஜாரு? ஒடைச்சிடலாம்" என்று எதிர்வீட்டு லியாகத் அலி சுத்தியலோடு வந்தார். அவருக்குப் பின்னால் பெண்கள், இடுப்பில் குழந்தைகளோடு.

"வாணாம் பாய்!" பக்தவச்சலம் பாய்ந்து கதவை மறித்தான். நெருப்புச் சட்டிக்கு வைத்திருந்த கரியில் ஒரு துண்டை எடுத்தான். கதவில் ஒரு மண்டையோடு வரைந்தான். அடியில் எழுதினான்: விஷ வாயு. திறக்காதே. வேலைப் பழக்கத்தில் கை அதோடு நிற்கவில்லை. வைத்த நாள்: வியாழன் சாயங்காலம்.

அண்ணி எழுத்துக்கூட்டி வாசித்தாள். வியாழன் என்ற இடத்தில் நின்றாள். பிறகு தலையைத் தூக்கி, இரண்டு வாசலுக்கும் மேலே ஓடிய அந்த ஒரே கூரையைப் பார்த்தாள்.

லியாகத் அலி சுத்தியலைக் கீழே வைத்தார்.