ஹலோ சொல்லாத அயலவர்

கனடாவின் வெக்ஸ்போர்ட்டில் அந்தத் தெருவில் ஜதுர்சன் வீட்டை யாரும் இலக்கம் சொல்லி விசாரிப்பதில்லை. பேஸ்மென்ட் யன்னலில் பச்சை லைற் மின்னுகிற வீடு என்றால் போதும். உள்ளே நாலு பழைய றூட்டர்கள். ஒரு சின்னக் குடும்பம் ரிவி பார்க்கவும் போனில் முகம் பார்த்துக் கதைக்கவும் என்று செய்யப்பட்டு, பிறகு யாரோ வேண்டாம் என்று கழித்துவிட்டவை. அவற்றில்தான் ஜதுர்சன், பெரிய தொலைத்தொடர்புக் கொம்பனிகள் நாட்டுக்கு நாடு வழி சொல்லப் பாவிக்கிற பிஜிபி என்ற ஏற்பாட்டை ஓட்டிக்கொண்டிருந்தான். ஏன் என்று கேட்டால் படிக்கிறேன் என்பான். மூன்று வருசமாகப் படிக்கிறான். சோதனை எடுத்ததாக யாரும் கேள்விப்படவில்லை.

மனைவி நிலாணிக்குக் காலையில் எழும்பினால் ஒரே யோசனைதான், இன்றைக்கு இன்ரநெற் இருக்குமா இல்லையா என்று.

வழி சொல்லிப் பழக இரண்டு வீடாவது வேண்டுமாம். பக்கத்து ஒட்டுவீட்டு விநாயகமூர்த்தி அங்கிள் அகப்பட்டார். வேலியோடு ஒரு நீல வயர் போனது. அங்கிளும் தன் சொந்த இணைப்பை வெட்டிவிட்டு நிம்மதியாக இருந்தார். அவர் வீட்டு றூட்டர் பத்துச் செக்கனுக்கு ஒருதரம் இந்த வீட்டு றூட்டருக்கு ஹலோ சொல்ல வேண்டும். நாற்பது செக்கன் ஹலோ வராவிட்டால் அந்த நெய்பர், அதாவது அயலவர், செத்ததாகக் கணக்கு. அங்கிளோ தேத்தண்ணிக் கேத்திலைச் செருகுவதற்காக றூட்டரைப் பிடுங்குகிறவர். ஆகவே அவர் காலையில் ஒருதரமும் பின்னேரம் ஒருதரமும் செத்தார்.

மாசி மாதம் ஒருநாள், நெய்பர் செத்துட்டுது என்று ஜதுர்சன் கீழேயிருந்து கத்தியது, போனில் நிலாணியோடு கதைத்துக்கொண்டிருந்த எதிர்வீட்டு மங்கையற்கரசி அன்ரியின் காதில் விழுந்துவிட்டது. செத்தவீட்டில் அடுப்பு எரியாது அல்லவா? ஒரு மணித்தியாலத்தில் அன்ரி வெள்ளைச் சேலையும் ஒரு சட்டி மரக்கறிச் சோறுமாக அங்கிளின் படியில் நின்றா. கதவைத் திறந்தது பிரேதம்தான். சோற்றை வாங்கி உள்ளே வைத்துவிட்டுத்தான் செத்தது யார் என்று விசாரித்தாராம்.

இதையெல்லாம் நிலாணி பொறுத்துக்கொண்டாள். அந்த வியாழக்கிழமையை மட்டும் பொறுக்க முடியாது. காலை பத்து மணிக்கு சூமில் அவளுடைய குடியுரிமைச் சத்தியப்பிரமாணம். அது முடிந்தால்தான் கனடாப் பாஸ்போட். பாஸ்போட் வந்தால்தான் லண்டனில் தங்கச்சியின் கலியாணம். இலங்கைப் பாஸ்போட்டில் விசா இரண்டு தரம் கிடைக்கவில்லை. இந்த நாளைத் தவறவிட்டால் அடுத்த தவணை எப்போது வருமோ, தாலி கட்டுவதை வீடியோவில்தான் பார்க்க வேண்டும்.

வியாழக்கிழமை ஒன்றையும் தொடக்கூடாது என்று ஒரு கிழமைக்கு முன்னரே சொல்லி வைத்தாள். ஜதுர்சன் ஓம் என்றான். சொன்ன சொல்லையும் காப்பாற்றினான். புதன்கிழமைதான் தொட்டான்.

பட்டுச்சேலை உடுத்தி, பழைய நிரந்தர வதிவிட பிஆர் காட்டையும் அதைக் கமராவுக்கு முன்னால் வெட்டக் கத்தரிக்கோலையும் எடுத்து வைத்துக்கொண்டு அவள் ஒன்பதே முக்காலுக்கு லப்ரொப்பைத் திறந்தாள். ஒரு அதிகாரியின் முகம் வந்தது. வாய் பாதி திறந்தபடி அப்படியே உறைந்தது. பிறகு அதுவும் இல்லை.

"என்ன செய்தனீங்கள்?" பேஸ்மென்ட் படியில் நின்று கேட்டாள்.

"ஒண்டும் இல்லையப்பா. முழு இன்ரநெற்றின்ர ரூட்ஸையும் ஒருக்கா எடுத்துப் பாத்தனான். வன் மில்லியன். இதுக்கு மெமரி காணாது போலை."

றூட்டர் எழும்பும். பத்து இலட்சம் வழியைப் பாடமாக்கத் தொடங்கும். பாதியில் மயங்கி விழும். திரும்ப எழும்பி முதலில் இருந்து தொடங்கும். காலையிலிருந்து அதற்கு அதுதான் வேலை.

"எனக்கு ஒரு வழி காணும்," என்றாள் நிலாணி.

போனில் டேட்டா இல்லை. மாற்று வழிக்குப் பேக்கப் லிங்க் சோதிக்கிறேன் என்று போன கிழமை அவன்தான் முடித்திருந்தான். சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அங்கிள் வீட்டுக்கு ஓடி, இன்ரநெற் வேலை செய்கிறதா என்று கேட்டாள். அங்கிள் அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"பிள்ளை, அது உங்கட வீட்டாலைதானே இஞ்சை வாறது."

திரும்பி வந்து லப்ரொப், காட், கத்தரிக்கோல் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு பேஸ்மென்ட்டுக்கு இறங்கியபோது ஒன்பது ஐம்பத்திமூன்று. ஜதுர்சன் தட்டிக்கொண்டிருந்தான். ரெண்டு நிமிசம் தாரும், எல்லாம் ஒத்துவந்திடும் என்றான். அவனுடைய இரண்டு நிமிசத்தை நிலாணி நாலு வருசமாக அறிவாள். சுவரில் இருந்த வெள்ளை மொடத்துக்குள்தான் உண்மையான இன்ரநெற் வருகிறது என்பதும் அவளுக்குத் தெரியும். அதிலிருந்து புறப்பட்ட வயரை இழுத்தாள். வரவில்லை. மற்ற எல்லா வயரோடும் சேர்த்துப் பிளாஸ்ரிக் நாடாவால் இறுக்கிக் கட்டியிருந்தான். கத்தரிக்கோல் கையில் இருந்தது.

"ஐயோ, உது அங்கிளின்ர வயர்!"

நாடாவோடு நீல வயரும் போய்விட்டது. தெரியாமல் வெட்டினாளா, தெரிந்து வெட்டினாளா என்பதில் தெருவில் இன்றைக்கும் இரண்டு அபிப்பிராயம் உண்டு. விடுபட்ட வயரின் நுனியை லப்ரொப்பில் செருகினாள். ஒன்றும் வரவில்லை. அப்போதுதான் ஜதுர்சன், அன்றைய தினத்தில் முதல் தடவையாக உருப்படியான ஒரு வார்த்தை சொன்னான். மொடத்தை ஒருக்கா அணைச்சுத் திரும்பப் போடும்.

ஒன்பது ஐம்பத்தொன்பதுக்கு அந்த முகம் வாயை மூடிக்கொண்டு திரும்ப வந்தது.

நிலாணி வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸுக்குப் பக்கத்தில் கவிழ்த்துப் போட்ட பெயின்ற் வாளியில் பட்டுச்சேலையோடு குந்தியிருந்து, கையை உயர்த்திச் சத்தியம் செய்தாள். காட்டை வெட்டிக் காட்டினாள். பின்னால் மின்னிய பச்சை லைற்றுகளை அந்த அதிகாரி வீட்டுச் சோடனை என்று நினைத்தா போல. மிக அழகாக இருக்கிறது என்றா.

வாழ்த்துச் சொல்லித் திரை அணைந்ததும் பேஸ்மென்ட் யன்னலில் யாரோ தட்டினார்கள். விநாயகமூர்த்தி அங்கிள் குனிந்து நின்றார்.

"பிள்ளை, நான் திரும்பச் செத்துட்டன் போலை. தம்பியை ஒருக்கா பாக்கச் சொல்லுமன்."

"மேலை வாங்கோ அங்கிள், தேத்தண்ணி போடுறன்," என்றாள் கனடாப் பிரசை நிலாணி.

ஜதுர்சன் நீல வயரின் இரண்டு நுனியையும் இரண்டு கையிலும் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். இதற்கு இரண்டாவது வயர் ஒன்று இழுத்திருந்தால் இந்தப் பிரச்சினையே வந்திராது என்று மெல்லச் சொன்னான்.

நிலாணி இன்னும் கத்தரிக்கோலைக் கீழே வைக்கவில்லை.